சீரழிவா, சீரழிப்பா? – டிஜிற்றல் தளங்களின் தரவீழ்ச்சி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு மொழியிற் புதுச்சொல் ஒன்று தோன்றிக் குறுகிய காலத்துள் பரவலாக வழங்கத் தொடங்குமாயின், அச்சொல் பிறப்பதற்கு முன்னரே அதன் பொருள் மக்களின் அநுபவத்தில் இடம்பெற்றுவிட்டது என்று கொள்ளுதல் தவறாகாது. கனடாவிற் பிறந்த நாவலாசிரியரும், டிஜிற்றல் உரிமைகள் பற்றி நீண்டகாலமாக எழுதி வருபவருமான கோரி டொக்ரரோவ் 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்ட ‘என்ஷிற்றிபிக்கேசன்’ என்னுஞ் சொல் இத்தகையது. மலத்தைக் குறிக்கும் இழிசொல் ஒன்றை அடியாகக் கொண்ட இச்சொல்லை அமெரிக்க வழக்குமொழிச் சங்கம் 2023ஆம் ஆண்டுக்குரிய சொல்லாகத் தேர்ந்தது. அடுத்த ஆண்டுக்குரிய சொல்லாக அதனையே அவுஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதி தேர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இதே பெயரில் அவர் எழுதிய நூலும் வெளிவந்தது. அவையடக்கம் கருதி எவரும் மேடையிற் கூறத் தயங்கும் ஒரு சொல்லை அகராதிக்காரரும் மொழியறிஞரும் ஏற்றுக்கொண்டமைக்குக் காரணம் அச்சொல்லின் கவர்ச்சி மட்டுமன்று. நாள்தோறும் பயன்படுத்தும் தேடுபொறி, சமூக ஊடகம், இணைய அங்காடி ஆகியன முன்னரிலும் கீழ்நிலை அடைந்துள்ளன என்ற உணர்வு எங்கும் பரவியிருந்தது. அவ்வுணர்வுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

இச்சொல்லைத் தமிழிற் பெயர்க்க முற்படும் பலர் ‘சீரழிவு’ என்று எழுதுகின்றனர். இப்பெயர்ப்பு பொருந்துமா என்ற வினாவிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகின்றோம். சொற்பற்றிய வினாவாகத் தோன்றும் இது, உண்மையிற் காரணம் பற்றிய வினாவே என்பதைக் காட்டுவதும், டொக்ரரோவின் கோட்பாடு எவ்விடத்து எமக்குத் துணைசெய்கிறது, எவ்விடத்து எமக்குப் போதாமற் போகிறது என்பதை ஆராய்வதுமே எமது நோக்கமாகும்.

1

தமிழிலக்கணம் வினையைத் தன்வினை என்றும் பிறவினை என்றும் பகுத்துக் காணும். திருந்தினான் என்பது தன்வினை. திருத்தினான் என்பது பிறவினை. குறைந்தது, குறைத்தது, அழிந்தது, அழித்தது என்பனவும் அவ்வாறே. பாடசாலையிற் கற்ற இப்பாகுபாட்டைத் தேர்வோடு மறந்துவிடுவது எமது வழக்கம். ஆயின், ஒரு நிகழ்ச்சியைத் தன்வினையாற் கூறுவதா, பிறவினையாற் கூறுவதா என்பது சில வேளைகளில் அந்நிகழ்ச்சியின் உண்மையையே தீர்மானித்துவிடும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நேர்ந்ததை எழுதும்போது எம்மில் எவரும் நூலகம் ‘எரிந்தது’ என்று எழுதுவதில்லை. ‘எரிக்கப்பட்டது’ என்றே எழுதுகின்றோம். எரிந்தது என்பது மின்னொழுக்காலும் நிகழக்கூடியது. எரிக்கப்பட்டது என்ற அளவிலேயே, எவரால் என்ற வினா எழுந்துவிடுகிறது. அக்கொடுமையையும் வணிக நிறுவனமொன்றின் செயலையும் ஒருதட்டில் வைத்து நிறுப்பது எமது கருத்தன்று. வினைமுதலை மறைக்காத மொழியொழுக்கத்தை அந்நிகழ்ச்சி எமக்குக் கற்பித்திருக்கிறது என்பதே இங்கு கூறவந்தது.

டொக்ரரோவின் ஆங்கிலச் சொல்லை உற்று நோக்கினால் அது பிறவினை வடிவினது என்பது புலப்படும். ஒன்றினைக் குறித்த ஒரு தன்மையதாக ஆக்குதல் என்ற பொருளைத் தரும் ஈற்றினை அவர் தெரிந்தெடுத்துச் சேர்த்துள்ளார். எனவே, ‘சீரழிவு’ என்பது அச்சொல்லின் உயிரான பகுதியை நழுவவிட்ட பெயர்ப்பு ஆகும். ‘சீரழிப்பு’ என்பதே பொருந்தும். தளங்கள் தாமாகவே தேய்கின்றனவா, அன்றி எவரோ கணக்கிட்டுத் தேய்க்கின்றனரா? இவ்வினாவுக்கான விடையை அந்த ஓர் எழுத்து வேறுபாடு தன்னுட் கொண்டுள்ளது.

2

டொக்ரரோவின் கோட்பாடு எளிமையானது. ஒரு தளம் முதலிற் பயனர்க்கு நன்மை செய்கிறது. பயனர் திரண்டு, ஒருவரையொருவர் விட்டுப் பிரிந்து செல்ல இயலாத நிலை ஏற்பட்டதும், அவர்தம் நன்மையைக் குறைத்து வணிக வாடிக்கையாளருக்கு, அதாவது விளம்பரதாரர்க்கும் வெளியீட்டாளர்க்கும் விற்பனையாளர்க்கும், வழங்குகிறது. அவர்களும் சிக்கிக்கொண்டதும், இரு சாராரிடமிருந்தும் பெறக்கூடியது அனைத்தையும் தனக்கென எடுத்துக்கொள்கிறது. இறுதியில் அத்தளம் மடிகிறது. இதனைத் தடுத்து நின்ற காவல்கள் நான்கு என்பர் அவர்: போட்டி, அரசின் ஒழுங்குவிதி, பயனர் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே பொருத்திக்கொள்ளும் உரிமை, மனச்சாட்சியுள்ள தொழில்நுட்ப ஊழியரின் எதிர்ப்பு. இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தமையே இன்றைய நிலைக்குக் காரணம் என்பது அவரது துணிபு. தலைவர்கள் முன்னரிலும் பேராசைக்காரராகிவிட்டனர் என்று அவர் கூறவில்லை. பேராசை முன்னரும் இருந்தது, அதற்குத் தடையும் இருந்தது. இப்போது தடை அகன்றுள்ளது என்கிறார். தனிமனிதரின் குணத்தில் அன்றிச் சூழ்நிலையின் அமைப்பிற் காரணத்தைத் தேடும் இம்முறை வரவேற்கத்தக்கது.

இக்கோட்பாட்டை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாகச் சோதித்தல் நன்று. பல்கலைக்கழகத்தாராகிய எமக்கு மிக நெருக்கமானது கூகிள் தேடுபொறி. அதனை எடுத்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பிறந்தது ஒரு பல்கலைக்கழகத்தில். அதன் மூலக்கருத்தும் பல்கலைக்கழக மரபிலிருந்து பெறப்பட்டதே.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராயிருந்த சேர்ஜி பிரின், லரி பேஜ் ஆகிய இருவரும் 1998ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் நடைபெற்ற மாநாட்டிற் சமர்ப்பித்த கட்டுரையே கூகிளைக் கல்வியுலகுக்கு அறிமுகம் செய்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையின் மதிப்பை அதனை எத்தனை பேர், எத்தகையோர், மேற்கோள் காட்டுகின்றனர் என்பது கொண்டு அளவிடுவது கல்வியுலக வழக்கம். ஓர் இணையப் பக்கத்தின் மதிப்பையும் அதனைச் சுட்டும் இணைப்புகளின் தொகையையும் தகுதியையும் கொண்டு அளவிடலாம் என்பதே அவர்களின் அடிப்படைக் கருத்து. அறிஞர் ஒருவரையொருவர் மதிக்கும் முறையை இணையப் பரப்பு முழுமைக்கும் விரித்தமையே அவர்களின் சாதனை எனலாம்.

அக்கட்டுரையின் பின்னிணைப்பு ஒன்று இன்று வாசிப்போரை வியப்பில் ஆழ்த்தும். விளம்பர வருவாயை நம்பி இயங்கும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரதாரரின் பக்கம் சாய்ந்து, தேடுவோரின் தேவையிலிருந்து விலகிச் செல்லும் என்று அவ்விருவரும் அதில் எச்சரித்திருந்தனர். செல்லிடத் தொலைபேசி என்று தேடியபோது, வாகனம் ஓட்டுகையில் தொலைபேசியைப் பயன்படுத்துவதன் தீங்கு பற்றிய ஆய்வொன்று தமது தேடுபொறியில் முதலிடத்தில் வந்ததை எடுத்துக்காட்டி, தொலைபேசி விளம்பரங்களுக்குப் பணம் பெறும் ஒரு தேடுபொறி அத்தகைய விடையைத் தன் வாடிக்கையாளர்க்கு நியாயப்படுத்த இயலாது என்றனர். ஆதலால், உள்ளியக்கம் வெளிப்படையாகத் தெரியும் தேடுபொறி ஒன்று கல்வியுலகத்துள் இருத்தல் வேண்டும் என்பதும் அவர்களின் வாதமாயிருந்தது. நோயையும் அதன் காரணத்தையும் தடுப்புமுறையையும் நோய் தோன்று முன்னரே எழுதிவைத்தவர்கள், பின்னர் அந்நோயின் வழியே நடந்தனர்.

2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கூகிளின் விளம்பரத் திட்டம் தொடங்கியது. அன்று விளம்பரங்கள் பக்கத்தின் வலப்புறத்தே தனித்து நின்றன. விடை எது, விளம்பரம் எது என்பதிற் குழப்பம் இருக்கவில்லை. அதன் பின்னர் நிகழ்ந்தவை சிறிய மாற்றங்களே. விளம்பரங்களை வேறுபடுத்திக் காட்டிய பின்புல நிறம் 2013ஆம் ஆண்டளவில் நீக்கப்பட்டு, சிறிய மஞ்சட் சிட்டை ஒன்று இடப்பட்டது. 2016இல் வலப்புற விளம்பரங்கள் அகற்றப்பட்டு, விடைகளுக்கு மேலே நான்கு விளம்பரங்கள் வரை இடம்பெறலாயின. அதே ஆண்டிற் சிட்டையின் நிறம், விடைகளின் முகவரி வரிக்குரிய பச்சையாகவே மாறியது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடைகளுக்கும் விளம்பரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொடுக்கப்பட்டு, கண்டனம் எழுந்த பின் அம்மாற்றம் ஓரளவு கைவிடப்பட்டது. இவற்றுள் எந்த ஒரு மாற்றத்தையும் தனித்து நோக்கின் அற்பமானதாகவே தோன்றும். ஆயின் அனைத்தும் ஒரே திசையிற் சென்றன என்பது மனங்கொளத்தக்கது. காற்றும் மழையும் தேய்க்கும் கல் ஒரே திசையில் மட்டும் தேய்வதில்லை.

3

இவ்விடத்து ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இணையப் பரப்பே மாசடைந்துவிட்டது. தேடுபொறியை ஏமாற்றி முதலிடம் பெறுவதற்கென்றே எழுதப்படும் பக்கங்கள் பெருகிவிட்டன. தேடுபொறி என்ன செய்யும்? இம்மறுப்பு முற்றிலும் பொய்யன்று. ஜேர்மனியின் லைப்சிக், வைமார் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட ஆய்வொன்று, பொருள் மதிப்புரைகளை நாடும் 7,392 தேடல் வினாக்களை ஏறத்தாழ ஓராண்டு காலம் தொடர்ந்து அவதானித்தது. தேடுபொறிக்கென மெருகூட்டப்பட்ட, விற்பனைத் தரகு நோக்கிய, உள்ளடக்கத்தில் வறிய பக்கங்கள் முன்னிடங்களிற் பெருமளவில் உள்ளன என்றும், கூகிள் மட்டுமன்றிப் பிற தேடுபொறிகளும் இதனாற் பாதிக்கப்பட்டுள்ளன என்றும் அது கண்டது. எனவே, தன்வினைக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் கதை அத்துடன் நிற்கவில்லை. அமெரிக்க அரசு 2020ஆம் ஆண்டு கூகிளுக்கு எதிராகத் தொடுத்த ஏகபோக வழக்கிற் சான்றுகளாக வைக்கப்பட்ட உள்மடல்கள், வெளியார் காணாத ஓர் உலகைக் காட்டின. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தேடல் விளம்பர வருவாய் இலக்கை எட்டாமற் போகலாம் என்ற அச்சத்தால் நிறுவனத்தினுள் அவசரநிலை ஒன்று அறிவிக்கப்பட்டது. அவ்வேளையில் தேடற் பிரிவின் தலைவராயிருந்தவர், தேடற்பணி விளம்பரத்துடன் வேண்டியதற்கு மேலாகப் பிணைக்கப்படுவது குறித்துக் கவலை தெரிவித்து எழுதினார். 2020ஆம் ஆண்டில், விளம்பரத்துக்குப் பொறுப்பாயிருந்தவரே தேடலுக்கும் பொறுப்பாளரானார்.

இவற்றினும் முக்கியமான சான்று ஒன்று 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பில் உள்ளது. கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைப் பேணிவந்தது என்பது அத்தீர்ப்பின் முடிவு. பொதுத் தேடலில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பங்கு அதன் கையில் இருந்தது. அப்பிள் நிறுவனத்தின் கருவிகளில் இயல்பிருப்புத் தேடுபொறியாகத் தான் இருப்பதற்காக 2022ஆம் ஆண்டில் மட்டும் 20 பில்லியன் டொலரை அது கொடுத்திருந்தது. அத்துடன், 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தனக்குள்ளேயே ஓர் ஆய்வு நடத்தியது என்பதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தாற் தேடல் வருவாய் குறையுமா என்பதே அவ்வாய்வின் வினா. குறையாது என்பதே கிடைத்த விடை.

இதனை நாம் நிதானமாகச் சிந்தித்தல் வேண்டும். அந்நிறுவனம் அவ்வாய்வுக்கேற்பவே தரத்தைக் குறைத்தது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவதற்கு அவ்வொரு சான்று போதாது. ஆயின், தரம் என்பது அங்கு கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரு கணியமாகக் கருதப்பட்டது என்பதும், அதனைக் குறைப்பதன் விலை என்னவென்று கணக்குப் பார்க்கப்பட்டது என்பதும், விலை ஒன்றுமில்லை என்று அறியப்பட்டது என்பதும் மறுக்க முடியாதன. வேறு கடை இல்லாத ஊரில் அரிசியிற் கல் கலந்தால் வியாபாரம் குறையுமா என்று கடைக்காரர் எண்ணிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவர் இன்னும் கலக்காமல் இருக்கலாம். எனினும் அவ்வூரார் உண்ணும் சோறு அன்றிலிருந்து அவருடைய தயவில் உள்ளது. டொக்ரரோவின் சொல்லிலுள்ள பிறவினைத் தன்மைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4

இதுவரை டொக்ரரோவுடன் உடன்பட்டு வந்தோம். இனி வேறுபடும் இடங்களைக் குறிப்பிடல் வேண்டும்.

முதலாவது, அவரது கதையின் இறுதிக் கட்டம். நன்மை, சுரண்டல், பெருஞ்சுரண்டல், மரணம் என்ற வரிசை உயிரியின் வாழ்க்கைப் பருவங்களை ஒத்தது. பிறவினையிற் தொடங்கியவர் முடிவிற் தன்வினைக்கே திரும்பிவிடுகிறார். தரம் வீழ்ந்தாற் தளமும் வீழும் என்ற நீதிக்கதையின் ஆறுதல் இதில் உள்ளது. உண்மைநிலை அத்தகைய ஆறுதலைத் தரவில்லை. கூகிளின் தாய் நிறுவனமாகிய அல்பபெற்றின் 2024ஆம் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 350 பில்லியன் டொலர். தரத்தின் வீழ்ச்சியும் நிறுவனத்தின் வீழ்ச்சியும் வேறு வேறு. மடிந்த தளங்களும் உண்டு. அவை மடிந்தபோது உடன்கட்டை ஏறியது பயனரின் எழுத்தே. ஜியோசிற்றிஸ் தளத்தை 1999இல் வாங்கிய யாகூ நிறுவனம் 2009இல் அதனை மூடியது. யாகூ குழுமங்களில் இருந்த மடல்களையும் கோப்புகளையும் 2019இன் இறுதியில் அகற்றத் தொடங்கி, அடுத்த ஆண்டில் அச்சேவையையே நிறுத்தியது. தமிழிலக்கியம் பேசிய குழுமங்கள் பலவும் அங்கு இருந்தன. ஆகவே, தளத்தின் மரணம் எமக்கு விடுதலை அன்று. அது வேறொரு வகையான இழப்பே.

இரண்டாவது வேறுபாடு இதனினும் ஆழமானது. ‘முதலிற் பயனர்க்கு நன்மை’ என்ற அவரது முதற் கட்டம் எவருடைய அநுபவம்? எமது இலக்கிய வரலாற்றிற் ‘பொற்காலம்’ என்ற கருத்துக்கு நேர்ந்த விமர்சனத்தை இங்கு நினைவுகூரலாம். ஒரு காலத்தைப் பொற்காலம் என்று கூறும்போது, அது எவர்க்குப் பொன்னாயிருந்தது என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். இணையத்தின் பொற்காலம் பற்றியும் அவ்வினாவை எழுப்புதல் தகும்.

ஆங்கில வாசகன் இணையத்தின் இளமைக்காலம் என்று ஏங்கும் 1990களின் இறுதியில், தமிழ் வாசகன் எழுத்துருக்களுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அமைந்த பக்கம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற உரோம எழுத்துக்களின் குவியலாகவே தோன்றும். அத்தகைய எழுத்தைத் தேடுபொறி கண்டுபிடிப்பதும் அரிது. யுனிகோட் முறை பரவிய பின்னரே தமிழிற் தேடுதல் என்பது பொருளுடையதாயிற்று. மையத்தில் உள்ளவர்க்குச் சேவை தேயத் தொடங்கிய காலத்திலேதான் விளிம்பில் உள்ள மொழியார்க்கு அது வந்து சேர்ந்தது. அதுவும் முழுமையாக வரவில்லை.

முழுமையாக வராமையின் விளைவு எத்தகையது என்பதை இந்நாட்டினர் அறிவர். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கண்டி மாவட்டத்தின் திகனைப் பகுதியிலும் அயலிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை நிகழ்ந்தபோது, பேஸ்புக்கில் வெறுப்புப் பேச்சும் வதந்தியும் தடையின்றிப் பரவின. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்களுக்குத் தடைசெய்தது. சிங்கள மொழிப் பதிவுகளைக் கண்காணிக்க வேண்டிய ஏற்பாடுகள் போதாமை பற்றி இந்நாட்டுச் சிவில் அமைப்புகள் முன்னரே முறையிட்டிருந்தன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக மன்னிப்புக் கோரியது. இங்கு நிகழ்ந்தது ஒரு நல்ல சேவையின் சீரழிவும் அன்று, சீரழிப்பும் அன்று. மையத்தார்க்கு வழங்கப்பட்ட பாதுகாப்பு எம்மவர்க்கு ஆதியிலிருந்தே வழங்கப்படவில்லை. டொக்ரரோவின் மூன்று கட்டங்களில் இதற்கு இடமில்லை. முதற் கட்டத்தை அடையாமலே இரண்டாம் கட்டத்துக்குள் தள்ளப்பட்ட மக்கள் உலகில் மிகப் பலர் என்பதை அவரது கோட்பாடு உள்வாங்குமாயின், அது மேலும் வலுப்பெறும்.

இதிலிருந்து மூன்றாவது வேறுபாடும் பிறக்கிறது. இழந்த காவல்களை மீட்பதே அவர் கூறும் பரிகாரம். அது வேண்டியதே. ஆனால், அக்காவல்களின் சாவி எவர் கையில் உள்ளது? கூகிள் வழக்கில் 2025 செப்ரெம்பரில் வெளிவந்த பரிகாரத் தீர்ப்பு, குரோம் உலாவியை நிறுவனத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்றும், பிறரை விலக்கும் ஒப்பந்தங்கள் கூடா என்றும், தேடல் தரவுகளிற் சிலவற்றைப் போட்டியாளருடன் பகிர வேண்டும் என்றும் விதித்தது. வாஷிங்ரனின் நீதிமன்றத்தில் நிகழும் இவ்வாதங்களில் எமக்குக் குரல் இல்லை; அவற்றின் விளைவு மட்டும் எமக்கு உண்டு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் தத்தம் நிறுவனங்களைத் திருத்தும் வரை காத்திருப்பது ஒரு நெறியாகாது.

5

எனவே, எமது கையில் உள்ளது எது என்று கேட்பதே பொருத்தம். அண்மைக் காலத்து ஈழத்து இலக்கிய விவாதங்களிற் பெரும்பகுதி சிற்றிதழ்ப் பக்கங்களில் அன்றிச் சமூக ஊடகப் பக்கங்களிலேயே நிகழ்ந்துள்ளது. நூல் மதிப்புரை, கண்டனம், மறுப்பு, அஞ்சலி யாவும் அங்கேயே எழுதப்பட்டன. இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளுக்கு முன் தாம் பங்குபற்றிய ஒரு விவாதத்தை ஆய்வுத் தேவைக்காக அண்மையில் தேட முற்பட்டார். சமூக வலைத்தளம் ஒன்றில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் எழுதிய விவாதம் அது. இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டும் அது அகப்படவில்லை. தேடல் வினாவுக்கு விடையாக விளம்பரங்களும் அறிமுகமற்றோரின் காணொளிகளும் வந்தன. அவ்விவாதம் அழிந்துவிட்டதா, அன்றி எங்கோ ஆழத்தில் உள்ளதா என்பதும் தெரியவில்லை. 1960களின் முற்போக்கு இலக்கிய விவாதங்களைப் பழைய சஞ்சிகைகளை விரித்து இன்றும் வாசிக்கலாம். அவற்றுக்கு அரை நூற்றாண்டின் பின்னர் நிகழ்ந்தவற்றை வாசிக்க இயலாது. இம்முரணை இலக்கிய வரலாறு எழுதப் புகும் அடுத்த தலைமுறை மாணவர் மன்னிப்பர் என்று தோன்றவில்லை.

விலை கொடுத்து வாங்கிய நூலும் இந்நிலைக்கு விலக்கன்று. 2009ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமேசன் நிறுவனம், உரிமையற்ற ஒருவரால் விற்கப்பட்டன என்ற காரணத்தால், ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய நூல்களின் மின்பிரதிகளை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே நீக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் மன்னிப்பும் கோரியது. 2025 பெப்ருவரியில், வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அது நிறுத்தியது. அலுமாரியில் உள்ள நூல் எமது உடைமை. அக்கருவியில் உள்ளது வாடகைக்கு விடப்பட்ட வாசிப்பு மட்டுமே.

இதற்கு மாறான முயற்சிகளும் எம்மிடையே உள்ளன. பிரினும் பேஜும் தமது கட்டுரையைச் சமர்ப்பித்த அதே 1998ஆம் ஆண்டின் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. தமிழ் நூல்களைத் தொண்டர்கள் தட்டெழுதி எவரும் இலவசமாகப் பெறுமாறு வழங்கினர். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்து எழுத்தாவணங்களைத் தொகுக்கும் நூலகம் திட்டமும் உருவாயின. இவற்றுக்குப் பங்குதாரர் இல்லை; எமது கவனத்தை விளம்பரதாரர்க்கு விற்க வேண்டிய தேவையும் இல்லை. எவரும் படியெடுத்து வேறிடத்து வைக்கலாம் என்பதால், பூட்டி வைத்துப் பேரம் பேசவும் இயலாது. தோற்றத்தில் இவை எளியன. தேடல் வசதியிலும் விரைவிலும் பெருநிறுவனத் தளங்களுக்கு ஈடாகமாட்டா. ஆயினும், தரத்தைக் குறைத்தால் வருவாய் குறையுமா என்ற வினா இங்கு எழுவதற்கே இடமில்லை.

ஆனால் இவற்றைப் பற்றி மனநிறைவு கொள்வதற்கும் இடமில்லை. பெருந்தளங்கள் பிறவினையாற் கெடுகின்றன. தொண்டர் முயற்சிகளோ தன்வினையாற் கெடக்கூடியன. அவற்றைத் தேய்ப்பவர் எவரும் வேண்டியதில்லை. உழைப்பவரும் உதவுபவரும் குறைந்தாற் போதும், அவை தாமே தேயும். நிறுவனத்தின் சீரழிப்பைக் கண்டிக்கும் உரிமை எமக்குண்டு. பொதுச்சொத்தின் சீரழிவுக்கோ பொறுப்பாளர் நாமே.

தேடுபொறி ஒன்று கல்வியுலகத்துள் இருத்தல் வேண்டும் என்று இரு மாணவர் 1998இல் எழுதினர். அவர்கள் அதனைக் கைவிட்டமையால் அக்கருத்துப் பிழையாகிவிடாது. அத்தகைய பெருமுயற்சி எமது வலுவுக்கு அப்பாற்பட்டதாயிருக்கலாம். ஆயின் எமது துறைகளின் ஆய்வேடுகள், சங்கங்களின் மலர்கள், நாடகப் பிரதிகள், கருத்தரங்கக் கட்டுரைகள் ஆகியவற்றை முறையாகப் பட்டியலிட்டு, பொது ஆவணகம் ஒன்றிற் சேர்ப்பித்து, அச்சுப்பிரதி ஒன்றையும் நூலகத்தில் வைப்பது எமது வலுவுக்கு உட்பட்டதே. விவாதங்களைச் சமூக ஊடகத்தில் நடத்துவோர், அவற்றுட் பேணத்தக்கனவற்றையேனும் சஞ்சிகைப் பக்கத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். இச்சங்கத்தின் இதழுக்கு ஆண்டுதோறும் ஆசிரியர் குழு தெரிவு செய்யப்படுகிறது. அதனோடு ஆவணப் பொறுப்பாளர் ஒருவரும் தெரிவு செய்யப்படலாம். அவர் செய்யும் வேலை எவருடைய கண்ணிலும் படாது. பத்தாண்டுகளின் பின் ஒரு மாணவர் எதையேனும் தேடி வரும்போதே அது தெரியவரும்.